எங்கள் வீட்டு மூக்கு

புதுச்சேரிக்குப் பாய்மரக் கப்பல்கள் வந்துபோன காலத்தில், சவரிராயர் என்னும் ஓவியரின் மேசைமேல் ஒரு பென்சில் இருந்தது. ஊசிபோலக் கூர்மையானது. தான் இழுக்கும் கோடுகளைப் பற்றிய பெருமை அதற்கு நிறைய உண்டு.

எதிர் அலமாரியில், வெள்ளைச் சாந்தில் வார்த்த கிரேக்கத் தேவியின் தலைச்சிலை இருந்தது. சவரிராயர் மூன்று ஆண்டுகள் அதைப் பார்த்து வரைந்தே தொழில் கற்றவர்.

அன்று மதலேனம்மாள் வந்து, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி அமர்ந்தார். ரீயூனியன் தீவில் வாழ்க்கைப்பட்ட மகள் அம்மாவின் படம் கேட்டிருந்தாள். கப்பல் மறுநாள் புறப்படுகிறது. நல்ல தாள் ஒன்றுதான் மிச்சம்.

"நெற்றியிலிருந்து மூக்கு நுனிவரை நேராக இறங்கு," என்றது சிலை பென்சிலிடம். பழகிய கை, பழகிய பென்சில். நேராகவே இறங்கிவிட்டன.

மதலேனம்மாள் எட்டிப் பார்த்தார். "பெண் அழகாகத்தான் இருக்கிறாள். யார் ஐயா அவள்?"

"தாங்கள்தான், அம்மா."

"நானா? என் மூக்கு நடுவில் மேடுதட்டி வளைந்தது. என் மகளுக்கும் அதே மூக்கு. கல்யாணப் பந்தலிலேயே அவளைக் கேலி செய்தார்கள். இதைப் பார்த்தால், அம்மாவே வெட்கப்பட்டு மறைத்துவிட்டாள் என்றல்லவா நினைப்பாள்?"

சவரிராயர் தலைகுனிந்தார். கோட்டை அழிப்பதற்கென்று வைத்திருந்த ரொட்டித் துண்டைப் பிசைந்து உருட்டித் தேய்த்தார்.

"தேவியின் மூக்கைத் தின்றுவிட்டேன். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை," என்றது ரொட்டி.

"சிரிக்காதே," என்றது தாள். "இன்னொரு முறை தேய்த்தால் நான் கிழிந்துபோவேன்."

சிலை சீறியது. "கோணல் மூக்கையா வரையப் போகிறாய்? நான் கற்றுக்கொடுத்ததெல்லாம் வீணா?"

"வீணில்லை," என்றது பென்சில். "நடுங்காமல் இழுக்கவும், வேண்டாத கோட்டை விட்டுவிடவும் உன்னிடமே கற்றேன். அவற்றை வைத்துக்கொள்கிறேன். மூக்கை மட்டும் திருப்பித் தந்துவிடுகிறேன்."

பிறகு அது புறப்பட்டது. மேட்டில் ஏறி, வளைவில் திரும்பி, நுனியில் நின்றது. ஒரே இழுப்பு. சேலைக்கு நாலே கோடுகள். மடிப்புகள் கிரேக்கச் சிலைகளின் ஆடைபோல் அமைதியாக விழுந்தன.

மதலேனம்மாள் வெகுநேரம் பார்த்தார். தம் மூக்கை ஒருமுறை தொட்டுக்கொண்டார். "இதுதான் எங்கள் வீட்டு மூக்கு," என்று சொல்லி, படத்தை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்து போனார்.

"என் மூக்கில் அப்படி என்ன குறை?" என்று முணுமுணுத்தது சிலை.

"ஒரு குறையும் இல்லை," என்றது பென்சில். "உன்னை முதன்முதலில் செதுக்கியவனுக்கு எதிரிலும் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் அல்லவா? அது அவள் வீட்டு மூக்கு."