எலுமிச்சம்பழமும் கொடிக்கம்பியும்

மீன்காரி செபத்தியம்மாளின் மோட்டார் சைக்கிளில் பாதி கம்பெனி கொடுத்தது, மீதி அவள் வீடு கொடுத்தது. பெட்ரோல் டேங்கின் ஓட்டையைத் துணி சோப்பு அடைத்திருந்தது. சைலன்சரைத் துணி காயப்போடும் கொடிக்கம்பி இழுத்துக் கட்டியிருந்தது.

புது ஜீப்பில் வந்த வாகனச் சோதனை அதிகாரி தில்லைராஜன் அவளைக் கடைத்தெருவில் மறித்தார்.

“கம்பெனி கொடுக்காத எதுவும் வண்டியில இருக்கக் கூடாது. இப்பவே கழட்டு. இல்லேன்னா வண்டி ஸ்டேஷனுக்குப் போகும்!”

வெயிலோ மண்டையைப் பிளந்தது. கூடையில் அத்தனையும் மீன். வேடிக்கை பார்க்கக் கூட்டம் வேறு கூடிவிட்டது.

“சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே சார்?”

“பின்னே? எனக்கும்தான்!”

“அப்போ முதல்ல இதைக் கழட்டிருதேன்” என்று ஜீப்பின் முன்னால் தொங்கிய எலுமிச்சம்பழ மிளகாய்ச் சரத்தைப் பிடித்து இழுத்தாள்.

அதிகாரி பதறிப்போனார். “ஐயையோ, தொடாதே! காலையிலதான் பூசை போட்டுக் கட்டினது. அது இல்லாம எங்கயாவது முட்டிக்கிட்டா?”

“எனக்கும் அதே பயம்தான் சார். என்ன, உங்களது சும்மா தொங்குது, என்னுது சைலன்சரைத் தாங்குது.”

கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. போ போ என்று கைகாட்டிய அதிகாரி, அவள் வண்டியைக் கிளப்பியதும் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“நீ இழுத்ததுல முடிச்சு தளர்ந்துபோச்சு. அந்தக் கொடிக்கம்பி கொஞ்சம் மிச்சம் இருக்கா?”