புடலைப் பந்தலில் நாலு கல்

பவானி ஆற்றங்கரையில் எங்கள் மடம். குருவுக்கு வயது நாற்பத்து மூன்று. சீடர் நாச்சிமுத்துவுக்கு அறுபத்தொன்று. போலீஸில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். குருவின் சொந்த ஊருக்கே போய் மூன்று மாதம் விசாரித்துவிட்டுத்தான் அவர் காலில் விழுந்தார் என்று சொல்வார்கள். காக்கியைக் கழற்றினாரே தவிர, சந்தேகத்தைக் கழற்றவில்லை.

மடத்தில் குருபூஜை அன்று பந்திக்குப் புடலங்காய்க் கூட்டு. காய் எங்கள் பந்தலிலேயே காய்த்ததாக இருக்க வேண்டும், சந்தையில் வாங்கக் கூடாது. பந்தலைப் பார்த்துக்கொண்டவள் பொன்னாத்தா. பந்தலை ஒட்டி ஒரு குடிசையில் இருந்தாள். புருஷன் போன பிறகு அவளுக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான். பிஞ்சு கொஞ்சம் நீண்டதும் நுனியில் சணலால் ஒரு சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடுவாள். காய் சுருளாமல் நேராக இறங்கும்.

ஒருநாள் காலையில் நாலு காய்களைக் காணோம். கட்டியிருந்த கற்கள் மட்டும் கயிறோடு தரையில் கிடந்தன. நாச்சிமுத்து அவற்றைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பசிச்சவன் எடுத்திருப்பான். விடுங்க" என்றார் குரு.

"விடலாமுங்க சாமி. ஆனா ருசி கண்டவன் நாளைக்கும் வருவானுங்க."

அன்றே வாய்க்கால் ஓரத்துச் சேம்பைத் தரையோடு வெட்டினார். அதற்குள் ஆள் மறைந்து உட்காரலாமாம். பந்தலின் இரண்டு கோடியிலும் கம்பம் நட்டு ஃபோகஸ் லைட் கட்டினார். பொழுது சாய்ந்தால் போதும், பந்தல் கல்யாண வீடாகிவிடும்.

இருந்த காய்களைப் பறித்துச் சமைத்துச் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு புதுக்காய் வரவில்லை. பூ பூக்கும். பூவுக்கு அடியில் விரல் நீளத்துக்குப் பிஞ்சு தெரியும். நாலு நாள் கழித்துப் பார்த்தால் பிஞ்சு இருக்காது.

நாச்சிமுத்து மூன்றாவது லைட்டைக் கட்டினார். வெளியாள் யாரும் சிக்கவில்லை. அப்படியானால் உள்ளாள் என்று முடிவு செய்தார்.

ஒரு வாரம் பொன்னாத்தாவைக் கண்ணால் பின்தொடர்ந்தார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த வாரம் மடத்தில் யாருமே அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும்தான்.

குருபூஜைக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. அன்று மாலை நாச்சிமுத்து ஒரு கூடையோடு குருவின் முன்னால் வந்து நின்றார்.

"கையும் களவுமாப் புடிச்சிட்டனுங்க சாமி. பொன்னாத்தா ஆட்டுக்குத் தீனி போடற கூடை இது. பாருங்க, எல்லாம் நம்ம புடலம்பிஞ்சு. இன்னொண்ணுங்க. பந்தல் முழுக்கத் தேடினாலும் காய் இல்ல. அவ குடிசைக்குப் பொறத்தால மட்டும் ஒண்ணு, என் கை நீளத்துக்குத் தொங்குது. தனக்குன்னு ஒளிச்சு வெச்சிருக்கா. அவள அனுப்பிச்சிருங்க."

குரு கூடையிலிருந்து ஒரு பிஞ்சை எடுத்து நீட்டினார்.

"காம்புல கத்தி பட்டிருக்கா?"

நாச்சிமுத்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இல்லீங்க. கிள்ளியிருப்பா."

"மஞ்சளா வாடிப் போனதயா கிள்ளுவாங்க?"

நாச்சிமுத்து பிஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குரு எழுந்து பந்தலுக்கு நடந்தார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

பொன்னாத்தா குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு துணி மூட்டை.

"உதுந்து கெடந்ததக் கூட்டி ஆட்டுக்குப் போட்டனுங்க சாமி" என்றாள். "காலையில மொத பஸ்ஸுக்குப் போயிடறனுங்க. என்னால பூஜைக்குக் கொற வேண்டாம்."

குரு அவளை உட்காரச் சொல்லிவிட்டு, விளக்குக் கம்பத்தடிக்குப் போனார். விளக்கைச் சுற்றி அந்துப்பூச்சிகள் சுழன்றுகொண்டிருந்தன. கம்பத்தில் நாலைந்து பல்லிகள், எல்லாம் கொழுத்துப்போய் நகர முடியாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. தரையில் உதிர்ந்த இறக்கைகள். குரு விளக்குமாற்றால் கூட்டினார். அரை முறம் வந்தது.

"குப்பைங்க சாமி" என்றார் நாச்சிமுத்து.

"லைட்ட அணைங்க."

"அணைச்சா..."

"அணைங்க."

மூன்று விளக்குகளும் அணைந்தன. எல்லோரும் பந்தலடியில் உட்கார்ந்தோம். மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. பந்தலில் பூக்கள் விரிந்துகொண்டிருந்தன. வெள்ளைப் பூ, ஓரமெல்லாம் நூல் பிரிந்த மாதிரி இருக்கும். நாச்சிமுத்து நிமிடத்துக்கொரு முறை பொன்னாத்தாவின் மூட்டையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். ஒருமுறை குருவையே பார்த்தார்.

வெகுநேரம் கழித்து ஒரு பெரிய அந்துப்பூச்சி வந்தது. ஒரு பூவின் முன்னால் அந்தரத்தில் நின்று, நீளமான நாக்கைப் பூவுக்குள் விட்டது. பிறகு அடுத்த பூவுக்குப் போனது. அந்தப் பூவின் அடியில் பிஞ்சு இருந்தது.

"காலையில தேனீ வர்றப்ப இந்தப் பூ வாடியிருக்கும்" என்றார் குரு. "ஆண்பூவுல இருந்து பொடிய எடுத்துப் பெண்பூவுக்குக் கொண்டாந்து குடுக்கறது இதுதான். அது வரலைன்னா பிஞ்சு தானாவே உதுந்துரும்."

நாச்சிமுத்து முறத்தைப் பார்த்தார்.

"குடிசைக்குப் பொறத்தால ஒண்ணு காய்ச்சிருக்குதுங்களே?"

"அங்க உங்க லைட்டுக்குக் குடிசைக் கூரை மறைப்பு."

நாச்சிமுத்து எழுந்து போய்க் கூரையைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், விரல் நீட்டி அளந்தார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"இந்தப் பூச்சி எங்கீங்க சாமி பொறக்குது?"

"வாய்க்காலோரம் சேம்பு இருந்துச்சே. அந்த எலயத் தின்னு வளர்ற புழுதான்."

நாச்சிமுத்து வாய்க்கால் பக்கம் திரும்பினார். அவர் வெட்டிப் போட்ட இடத்தில் ஒன்றிரண்டு தளிர்கள் சுருண்டபடி மேலே வந்திருந்தன. அந்த மனிதர்மேல் எனக்கு அதுவரை இருந்த கோபம் அப்போதுதான் போனது. ஆனாலும் அவர் அவர்தானே, கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்ப அந்த நாலு காய எடுத்தது யாருங்க சாமி?"

"தெரியல" என்றார் குரு. "நாலு போன அன்னிக்குப் பந்தல்ல நாப்பது தொங்குச்சு."

இன்னொரு பூச்சி வந்தது. நாச்சிமுத்து அசையாமல் இருந்தார். அது போன பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டுக் கைக்குட்டையை எடுத்து அவிழ்த்தார். நாலு கற்கள்.

"இத என்னங்க பண்றது?"

"பொன்னக்காகிட்டக் குடுத்துருங்க. காய் புடிச்சா, அவங்களுக்குக் கல்லு வேணும்."