கோயிலுக்குள் ஒரு கோயில்

கலியபெருமாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. குவாத்தமாலா காட்டில், கணுக்கால் புதையும் சேற்றில், அறுபது வயது மனுஷன் முன்னால் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

பின்னால் நிதானமாக வந்தார் அவருடைய குரு அறவாழி. குருவுக்கு வயது நாற்பதுதான். சில வருடங்களாக இந்த நாட்டிலேயே தங்கித் தியானம் சொல்லிக்கொடுப்பவர். தன்னைவிடச் சின்னவரை 'சாமி' என்று கூப்பிடுவதில் கலியபெருமாளுக்குத் துளியும் கூச்சம் கிடையாது.

கடைசியாக வழிகாட்டி எலீசா வந்தாள். கூடவே, கூடாரத்தையும் தண்ணீரையும் சுமந்துகொண்டு ஒரு கோவேறு கழுதை.

"சாமி, கோயிலுக்கு இன்னும் எவ்வளவு தூரம்?"

"நாளைக்குப் போயிடலாம்."

"நேத்தும் இதையேதானே சொன்னீங்க!"

"நேத்து நீங்க குரங்கு கத்தினதைச் சிங்கம்னு நினைச்சு மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டீங்க. பிரிச்சு எடுக்கவே மத்தியானம் ஆயிடுச்சு."

எலீசாவுக்குத் தமிழ் புரியாது. ஆனாலும் எதைப் பற்றிப் பேச்சு என்று தெரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கலியபெருமாளும் சிரித்தார். எது நடந்தாலும் சிரிப்பு வருகிற மனநிலையில் இருந்தார் அவர். இருக்காதா பின்னே? அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்தை ஆண்ட மாயர்கள் கட்டிய கோயில். காடு மூடிக் கிடக்கிறது. நடந்தால்தான் போக முடியும். அதன் உச்சியில் வைத்துத் தீட்சை தருவதாகக் குரு ஒப்புக்கொண்டிருக்கிறார். தீட்சையோடு ஒரு புதுப் பெயரும்.

அந்தப் பெயருக்காகத்தான் இவ்வளவு பாடும். மன்னார்குடியில் மெஸ் நடத்திய கலியபெருமாள் அந்த உச்சியோடு ஒழிய வேண்டும். ஊருக்குத் திரும்புகிற எண்ணமே இல்லை. மனைவி தையல்நாயகியிடம் இதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார். அந்த அம்மாள் அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. "முட்டிக்குத் தைலம் எடுத்துக்கிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று சாயங்காலம் கூடாரம் போட்டதும் கலியபெருமாள் அந்தத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டார். எலீசா விறகடுப்பு மூட்டிச் சோள ரொட்டி சுட்டாள். கறுப்பு மொச்சை கொதித்தது.

"நெருப்பைக் கொஞ்சம் இழுத்து விட்டா..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் அறவாழி.

"அது பழைய ஆளு பேச்சு சாமி. அந்த ஆளு வேணாம்."

"ரொட்டி கருகுதே."

"கருகட்டும் சாமி!"

கருகியது. மூன்று பேரும் கருகலைச் சுரண்டிச் சுரண்டித் தின்றார்கள்.

மறுநாள் வெளிச்சம் நன்றாக வந்த பிறகு கிளம்பினார்கள். உச்சி வெயில் நேரத்தில் வழியை மறித்துக்கொண்டு ஒரு குன்று நின்றது. மேலெல்லாம் மரம், வேர், கொடி. எலீசா கையைத் தூக்கிக் காட்டினாள்.

"இதுவா! குன்று இல்லையா இது? ஐயோ சாமி, இதுதானா!"

அவர் போட்ட கூச்சலில் கிளிக் கூட்டம் ஒன்று கலைந்து பறந்தது. அழுகை வேறு முட்டிக்கொண்டு வந்தது அவருக்கு. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியைப் பார்த்துப் பாய்ந்தார். எலீசா சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். முதலில் பார்க்க வேண்டியது வேறொன்று இருக்கிறதாம்.

குன்றின் பக்கவாட்டில், ஆராய்ச்சிக்காரர்கள் குடைந்த ஒரு சுரங்கம் இருந்தது. குனிந்து உள்ளே போனார்கள். எலீசா டார்ச்சை அடித்தாள்.

சுவர் முழுக்க ஒரு முகம். ஆள் உயரத்துக்கு மூக்கு. உதட்டில் சிவப்புச் சாயம் இன்னும் மங்கவில்லை.

"அடேயப்பா!" கலியபெருமாள் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுவிட்டார். "யாரு சாமி இது?"

எலீசா ஸ்பானிஷில் சொல்லச் சொல்ல அறவாழி தமிழில் சொன்னார். "இது முதல்ல கட்டின கோயிலாம். அடுத்து வந்த ராஜா இன்னும் பெருசா கட்ட ஆசைப்பட்டானாம். கல்லையும் மண்ணையும் போட்டு இதை மூடி, இது மேலேயே கட்டினானாம். அவனுக்கு அப்புறம் வந்தவனும் அப்படித்தானாம்."

"புதுசு கட்றவன் பழசை இடிச்சுப்புட்டுல்ல கட்டுவான்?"

"இங்க அந்த வழக்கம் இல்லையாம்."

"என்ன வழக்கமோ போங்க. மேல போவோம் சாமி, மேல போவோம்!"

எலீசா கழுதையோடு கீழேயே இருந்துவிட்டாள். கலியபெருமாள் ஏறினார். முட்டி கெஞ்சியது. விடவில்லை. கையை ஊன்றி, வேரைப் பிடித்து, மூச்சு இரைக்க இரைக்க உச்சிக்கு வந்து நிமிர்ந்தார்.

காடு கண்ணுக்கு எட்டிய வரை பச்சைப் பசேலென்று கிடந்தது. காற்று ஆளைத் தள்ளியது.

"பார்த்தீங்களா சாமி! பார்த்தீங்களா! ஜென்மம் எடுத்ததே இதுக்குத்தான்!" பச்சைக் குழந்தைபோலக் குதித்தார். அப்புறம் குருவின் முன்னால் மண்டியிட்டுக் கைகூப்பினார். "இப்ப குடுங்க. கலியபெருமாளை இங்கேயே முடிச்சு விட்டுடுங்க. அவன் மெஸ்ஸு, வீடு, வாசல், எல்லாம் தொலையட்டும். புதுப் பேரு குடுங்க."

அறவாழி கல்லில் உட்கார்ந்தார். பூட்ஸைக் கழற்றிச் சேற்றைத் தட்டினார்.

"தர்றேன். அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு."

"சொல்லுங்க சாமி!"

"கீழ அந்த உள்கோயில் இருக்கில்ல? அதை இடிச்சுட்டு வாங்க."

"உத்தரவு!"

கேள்வியே கேட்கவில்லை மனுஷன். அப்படி ஒரு வேகம். வேட்டியை மடித்துக் கட்டுகிற பழக்கத்தில் பேண்ட்டை இழுத்து விட்டுக்கொண்டு தடதடவென்று படியில் இறங்கினார்.

கொஞ்ச தூரம் போனதும் தடதடப்பு நின்றது.

கலியபெருமாள் காலடியில் இருந்த கல்லைப் பார்த்தார். திரும்பி உச்சியைப் பார்த்தார். அங்கே குரு காலை நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

இறங்கியதைவிட வேகமாக ஏறி வந்தார்.

"சாமி! எந்திரிங்க, எந்திரிங்க! அதை இடிச்சா இது நிக்காது. நீங்க உக்காந்திருக்கிற கல்லு, நான் ஏறின படி, எல்லாமே அது மேலதான் இருக்கு. மொத்தமும் சரிஞ்சிடும் சாமி!"

"அப்படியா?"

"ஆமா சாமி! கண்ணால பார்த்துட்டுத்தானே வந்தோம்!"

அறவாழி பூட்ஸை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"இவ்வளவு தெரிஞ்சவரு, கலியபெருமாளை மட்டும் ஏன் இடிக்கச் சொல்றீங்க?"