கயித்து மேல மறந்துபோன நடை

ஒரு ஊர்ல பவளம்னு ஒருத்தி இருந்தாளாம். கழைக்கூத்தாடிப் பொண்ணு. மூங்கில் நட்டு, கயிறு கட்டி, அது மேல மெத்து மெத்துன்னு நடப்பா. அவ மாமியார் அங்கம்மா கீழ ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு அண்ணாந்து பாத்தபடியே கூட நடப்பா. மேல அவ எந்தக் காலை வைக்கிறாளோ, கீழ இவளும் அந்தக் காலையே வைப்பா. விழுந்தா பிடிக்கணுமில்ல? ம் சொல்லு.

பவளத்துக்குக் கால்ல கொழுப்பு ஜாஸ்தி. யாரைப் பாத்தாலும் அவங்க மாதிரியே நடந்து காட்டுவா. ஊர்த் தலைவர் தொப்பையை ஆட்டி ஆட்டி நடக்குறது, பூக்காரி கூடை சுமக்குற தோளைச் சாய்ச்சு நடக்குறது. அப்புறம், அங்கம்மாவுக்கு ஒரு கால் நொண்டி, டக்... சர்ர்... டக்... சர்ர்னு. அதையும் விடமாட்டா. ஜனங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க. எனக்கு இதைச் சொல்லும்போதே கோவம் வருது.

அப்புறம் ஒரு நாள், தன் கைப்பிள்ளையை முதல் தடவையா முதுகுல கட்டிக்கிட்டுக் கயிறு ஏறினா. அவங்க குடும்பத்து வழக்கம் அது. டும் டும்னு மேளம்.

கால்வாசி தூரம் போனா. இடுப்பு தானா ஆடுது, தலைவர் மாதிரி. கயிறு கிர்ர்னு அதிருது. எப்படியோ சமாளிச்சா.

அப்புறம் பாதி தூரம். தோள் சாயுது, பூக்காரி மாதிரி. முதுகுல பிள்ளை ஒரு பக்கமா சரியுது. ம்... தூங்கிட்டியா? இல்லையா, சரி.

அப்புறம் முக்கால்வாசி. டக்... சர்ர்... கயித்து மேலயே கால் நொண்டுது. பவளத்துக்குத் தன் நடை எதுன்னே தெரியல. அப்படியே நின்னுட்டா.

"அத்தை, எனக்கு நடக்க வரலை."

"என் காலைப் பாருடி."

கயித்து மேல நின்னு கீழ பாக்கவே கூடாது. ஆனா பாத்தா. அங்கம்மா முன்னால நடக்குறா, நொண்டவே இல்ல. எத்தனை வருஷமா மருமக நடையைப் பாத்துப் பாத்து நடந்தவ! கயித்துக்குக் கீழ வந்தா அந்தக் காலுக்கு நொண்டவே தெரியாது. பவளத்தோட நடை முழுசா அங்க இருந்துச்சு. மெத்து... மெத்து... அதைப் பாத்து இவளும் மெத்து... மெத்து... அக்கரை சேந்துட்டா.

இறங்கி, பிள்ளையை அங்கம்மா கையில குடுத்தா. அங்கம்மா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு டக்... சர்ர்னு கூடாரத்துக்குப் போனா. ஜனங்க பவளத்தையே பாத்தாங்க, அத்தை மாதிரி நொண்டிக் காட்டுவா, சிரிக்கலாம்னு. பவளம் அழுதுக்கிட்டே பின்னாடி போனா, தன் நடையில.

கயித்தை அவுத்தாச்சு, கதையும் இறங்கியாச்சு. கண்ணை மூடு, தங்கம்.