பூந்தி கேட்காமல் விட்ட கேள்வி

ஏரிக்கரைத் தெருவின் கடைசி வீட்டில் ஒரு நாயும் ஒரு பூனையும் வளர்ந்து வந்தார்கள். உடம்பெல்லாம் புலி மாதிரி வரி இருந்தது பூனைக்கு. ஆனால் டைகர் என்ற பெயர் கிடைத்ததோ நாய்க்கு! பூனைக்குக் கிடைத்த பெயர் பூந்தி. அதில் பூந்திக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு.

மற்றபடி இருவரும் ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள். டைகர் வாசல் மிதியடியில் படுப்பான். பூந்தி டைகர் மேல் படுப்பாள். மீன் குழம்பு வைத்த நாளில் பூந்தி முதலில் சாப்பிடுவாள். அவள் தட்டை டைகர் நக்கித் துடைப்பான்.

"வாயைத் துடைச்சுட்டுப் பக்கத்துல வா அண்ணே! நாறுது!" என்பாள் பூந்தி.

"நீ மட்டும் மணக்குறியாக்கும்!" என்பான் டைகர்.

அவ்வளவுதான் அவர்கள் சண்டை.

ஒரு நாள் வீடே தலைகீழானது. அலமாரியில் இருந்த துணியெல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போனது. சுவரில் மாட்டியிருந்த படங்கள் இறங்கின. குடும்பத் தலைவர் சவரிமுத்துவுக்குத் தூத்துக்குடிக்கு வேலை மாற்றலாகியிருந்தது. மனைவி பிலோமியும் மகள் ஜெனிட்டாவும் நாள் முழுக்க எதையாவது கட்டிக்கொண்டும், கட்டியதை அவிழ்த்துக்கொண்டும் இருந்தார்கள். பூந்தியை மடியில் வைத்துக் கொஞ்ச யாருக்கும் நேரமில்லை.

டைகரை மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ஊசி போட்டு வந்தார்கள். வரும்போது அவன் கழுத்தில் புதுத் தோல் பெல்ட் மின்னியது.

பூந்திக்கு ஊசியும் இல்லை, பெல்ட்டும் இல்லை. பரண் மேல் ஏறிப் படுத்துக்கொண்டாள். அங்கே ஒரு புதுக் கூடை இருந்தது. பிரம்புக் கூடை. மேலே மூடி. மூடிக்குக் கொக்கி.

'இது எதுக்கு?' என்று யோசித்தாள். விளங்கவில்லை.

அந்தத் தெருவில் வேலிச்சாமி என்றொரு கடுவன் பூனை இருந்தான். அவனுக்கும் பூந்தியைப் போலவே சாம்பல் நிறம், கறுப்பு வரி. பிலோமி பின்வாசலில் வைக்கும் மிச்சச் சோற்றை நம்பித்தான் பிழைத்தான். ஆனால் தெருவுக்கே ராஜா போல மதில் மேல் நடப்பான்.

"என்ன பாப்பா, முகம் வாடியிருக்கு?" என்று, பின்வாசலுக்கு வந்த பூந்தியைக் கேட்டான் வேலிச்சாமி.

"நாங்க ஊரைவிட்டுப் போறோம்."

"எங்கே?"

"தூத்துக்குடிக்கு. வீடு கடலுக்குப் பக்கத்துலயாம். சன்னலைத் திறந்தா மீன் ஏலம் போடுற சத்தம் கேக்குமாம்! பிலோமி அம்மா சொன்னாங்க."

வேலிச்சாமியின் மீசை துடித்தது. வாயில் எச்சில் ஊறியது. 'சன்னலுக்கு வெளியே மீன் ஏலமா! இந்தப் பொடிசுக்கு அந்த யோகம், எனக்குப் பழைய சோறா?' என்று அவன் மனம் கணக்குப் போட்டது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டான்.

"நாங்கன்னு சொல்றியே பாப்பா, உன்னையும் கூட்டிட்டுப் போறேன்னு யாராவது சொன்னாங்களா?"

பூந்தி திகைத்தாள். யோசித்துப் பார்த்தால், யாரும் சொல்லவில்லை!

"உங்க வீட்டுல புதுசா மூடி போட்ட கூடை ஏதாவது வாங்கினாங்களா?"

"ஆமா! உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம என்ன! எங்கம்மாவையும் அப்படித்தான் கூடையில போட்டு மூடினாங்க. வழியில ஒரு சந்தையில இறக்கி விட்டுட்டுப் போயே போயிட்டாங்க." வேலிச்சாமி மூக்கை உறிஞ்சினான். "சந்தைப் பூனைங்க விடுமா? புதுசா வந்தவளைக் குதறி எடுத்துடுச்சுங்க."

பூந்தியின் முதுகு மயிர் சிலிர்த்தது. "இரு, டைகர் அண்ணன்கிட்ட கேட்டுட்டு வரேன்!"

"தாராளமா கேளு! ஆனா, பெல்ட்டு கட்டிக்கிட்டு போகப்போறவன் உண்மையைச் சொல்லுவானா? நீயே யோசி."

பூந்தி ஓடினாள். வாசலில் டைகர் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் வாயைத் திறக்குமுன் அவனே ஆரம்பித்துவிட்டான்.

"பாத்தியா பூந்தி! அசல் தோல்! நாளைக்கு வேன்ல எனக்கு முன்சீட்டு தெரியுமா! ஜெனிட்டா சொல்லிட்டா. காத்து சும்மா காதுல அடிக்கும். நான் கடலையே பாத்ததில்லை. பாக்கப் போறேன்!"

பார்க்கப் போகிறேன் என்றுதான் சொன்னான். பார்க்கப் போகிறோம் என்று சொல்லவில்லை.

பூந்தியின் தொண்டை வரை வந்த கேள்வி அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. "நல்லா பாரு," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். டைகர் தன் பெல்ட்டை முகர்ந்து பார்ப்பதில் மும்முரமாக இருந்தான். அவள் முகத்தைக் கவனிக்கவில்லை.

"என்ன சொன்னான்?" என்றான் வேலிச்சாமி.

"நீ சொன்னது சரிதான்."

"அழாதே பாப்பா! நான் இருக்கேன்ல? பக்கத்து வீட்டு விறகுக் கொட்டகை பூட்டியே கிடக்கு. கூரையில ஒரு ஓடு உடைஞ்சிருக்கு. அது வழியா உள்ளே குதிச்சுடு. வண்டி போனதும் வெளியே வா. உனக்குப் பழகின தெரு, பழகின வீடு. புதுசா குடி வர்றவங்க சோறு போடாமலா இருப்பாங்க?"

மறுநாள் காலை லாரி வந்தது. கட்டில், பீரோ, பெட்டி எல்லாம் ஏறின. யாரும் பார்க்காத நேரத்தில் பூந்தி மதில் ஏறி, கொட்டகைக் கூரைக்குத் தாவி, உடைந்த ஓட்டு வழியாக உள்ளே குதித்தாள்.

உள்ளே விறகு ஒன்றும் இல்லை. வெறும் தரை. சுவரெல்லாம் வழவழவென்று சிமெண்டு. கூரை எட்டாத உயரத்தில் இருந்தது. ஆனால் அதையெல்லாம் அவள் அப்போது கவனிக்கவில்லை. கதவுப் பலகையில் ஒரு விரிசல் இருந்தது. அதில் கண்ணை வைத்துப் பார்த்தாள். நடுவே ஒரு குறுகிய சந்து. அதற்கு அந்தப் பக்கம் அவள் வீட்டு வாசல். நன்றாகத் தெரிந்தது.

பிலோமி அந்தப் பிரம்புக் கூடையைக் கொண்டு வந்து வாசற்படியில் வைத்தாள். பூந்தி காதை மடக்கிக்கொண்டாள்.

ஆனால் ஜெனிட்டா ஓடி வந்து, தன் பழைய பச்சைக் கவுனைக் கூடைக்குள் மெத்தை போல விரித்தாள். பூந்தி தினமும் படுத்துத் தூங்கும் கவுன் அது! மேலே ஒரு வறுத்த மீன் துண்டையும் வைத்தாள்.

"பூந்தி! ஏய் பூந்தி! வாடி, நேரமாச்சு! கடலுக்குப் போக வேண்டாமா?" என்று வீட்டைச் சுற்றிச் சுற்றிக் கூப்பிட்டாள்.

பூந்திக்குக் குழப்பமாக இருந்தது. 'சந்தையில விடப்போற பூனைக்கு மெத்தை எதுக்கு? மீன் எதுக்கு?'

அந்த நேரம் மதிலிலிருந்து வேலிச்சாமி ஓசையில்லாமல் இறங்கினான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். கூடைக்குள் நுழைந்து, முகத்தை வாலுக்குள் புதைத்துச் சுருண்டு படுத்துக்கொண்டான்.

பிலோமி வந்து எட்டிப் பார்த்தாள். வரி போட்ட முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"அடி சமத்து! தானே வந்து படுத்துக்கிச்சு பாரேன்!" என்று சிரித்து, மூடியைப் போட்டுக் கொக்கியை மாட்டினாள்.

பூந்திக்குச் சட்டென்று எல்லாம் புரிந்தது. "ஐயோ! நான் அவன் இல்லை! அவன் நான் இல்லை! நான் இங்கே இருக்கேன்!" என்று கத்தினாள். சுவரில் பாய்ந்தாள். நகம் வழுக்கி விழுந்தாள். மறுபடி பாய்ந்தாள். மறுபடி விழுந்தாள். வெளியே லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது. அவள் குரல் அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போயிற்று.

லாரி போனதும் வேன் வந்து உறுமிக்கொண்டே நின்றது. கூடையை முன்சீட்டில் வைத்தார்கள். டைகர் ஒரே தாவலில் ஏறி அதன் பக்கத்தில் உட்கார்ந்தான். பூந்தி விரிசலில் கண்ணை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். 'போச்சு! எல்லாம் போச்சு!'

டைகர் கூடையை முகர்ந்தான். காதை நிமிர்த்தினான்.

"உள்ளே யாரு?" என்று உறுமினான்.

"நான்தான் பூந்தி... அண்ணே," என்று மெல்லிய குரலில் பதில் வந்தது. "தொண்டை கட்டிக்கிச்சு. அதான் குரல் ஒரு மாதிரி இருக்கு."

டைகர் தன் வாயைக் கூடைக்கு நெருக்கமாகக் கொண்டு போய் 'ஹா' என்று ஊதினான். சற்று முன்புதான் கருவாட்டுத் தலை ஒன்றைத் தின்றிருந்தான். உள்ளேயிருந்து ஒரு திட்டும் வரவில்லை.

"பூந்தியாயிருந்தா இந்நேரம் என் மூக்கைப் பிறாண்டியிருப்பா! யாருடா நீ? எங்கடா எங்க பூந்தி?"

டைகர் போட்ட குரைப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது.

"டேய், கிளம்புற நேரத்துல என்னடா ரகளை!" என்று சவரிமுத்து அவன் சங்கிலியைப் பிடித்து இழுத்தார். டைகர் மசியவில்லை. கூடையை மூக்கால் முட்டினான். காலால் தள்ளினான். அது சீட்டிலிருந்து உருண்டு தரையில் விழுந்தது. கொக்கி தெறித்தது. வாயில் மீன் துண்டோடு வேலிச்சாமி வெளியே பாய்ந்தான். ஒரே ஓட்டமாக மதில் ஏறி மறைந்தான்.

"அம்மா! இது நம்ம பூந்தி இல்லை!" என்று ஜெனிட்டா அலறினாள்.

"வீட்டுக்காரர்கிட்ட சாவியைக் கொடுத்தாச்சு, லாரியும் போயிடுச்சு..." என்று பிலோமி கையைப் பிசைந்தாள்.

வேன் டிரைவர் ஹாரனை அடித்தார். "சார், ஒரு பூனைக்காக எவ்வளவு நேரம் நிக்கிறது? அங்கே இல்லாத பூனையா?"

பூந்தி சவரிமுத்துவின் முகத்தையே பார்த்தாள். அவர் தெருவைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்துவிட்ட மகளைப் பார்த்தார். பிறகு பேண்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டார்.

"அங்கே ஆயிரம் பூனை இருக்கும் தம்பி. எங்க வீட்டுப் பூனை இங்கேல்ல இருக்கு! எஞ்சினை நிறுத்துங்க. தேடுவோம்."

எஞ்சின் நின்றது. தெரு அமைதியானது. பூந்தி தன்னிடம் மிச்சமிருந்த குரலையெல்லாம் கூட்டிக் கத்தினாள்.

டைகரின் காது திரும்பியது. சங்கிலியை உதறிக்கொண்டு சந்துக்குள் பாய்ந்து வந்தான்.

"பூந்தி! உள்ளேயா இருக்கே?"

"ஆமா அண்ணே! இங்கேதான்!"

"எப்படி உள்ளே போனே?"

"கூரை வழியா."

"அப்படியே வெளியே வா!"

"வர முடிஞ்சா வந்திருக்க மாட்டேனா! வழுக்குது அண்ணே!"

"அழாதே! தள்ளி நில்லு!" என்றான் டைகர். கதவுக்குக் கீழே பரபரவென்று மண்ணைத் தோண்டினான். சவரிமுத்துவும் வந்து, குறுக்கே புதைந்திருந்த ஒரு செங்கல்லை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். உள்ளேயிருந்து பூந்தியும் பிறாண்டினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. முதலில் ஒரு மீசை வந்தது. அப்புறம் தலை. அப்புறம் ஒட்டடையும் புழுதியுமாகப் பூந்தி முழுசாக வெளியே வந்தாள்!

ஜெனிட்டா அவளை வாரி எடுத்துக்கொண்டாள். "எங்கடி போனே? எங்கடி போனே?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள், சிரித்தாள். பிலோமி முந்தானையால் பூந்தியின் முகத்தைத் துடைத்துவிட்டு, அதே முந்தானையால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். டிரைவர்கூட, "கிடைச்சிடுச்சா? நல்லதாப் போச்சு," என்று கதவைத் திறந்துவிட்டார்.

வேன் ஊரைத் தாண்டியது. கூடையின் மூடி இப்போது திறந்தே இருந்தது. நாயும் பூனையும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

"ஏன்டி இப்படிப் பண்ணினே?"

பூந்தி நடந்ததையெல்லாம் சொன்னாள். டைகருக்குக் கோபம் வந்தது. "அந்தத் திருட்டுப் பய சொன்னதை நம்பினியே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"

"கேட்கத்தான் வந்தேன். நீ முன்சீட்டு, கடலுன்னு உன் பெருமையையே பேசினே. என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே!"

"முன்சீட்டுல என் பக்கத்துலதான் உன் கூடைன்னு நான் சொல்லலை?"

"சொல்லலை."

"சொல்லிட்டேன்னுல்ல நினைச்சேன்!" டைகர் காதைத் தொங்கவிட்டான். "தப்புதான் பூந்தி."

"எனக்கும் வாய் இருக்கே அண்ணே. நானும் கேட்டிருக்கலாம்."

அன்று சாயங்காலம் வேலிச்சாமி பழைய வீட்டுப் பின்வாசலில் போய் நின்றான். கதவு பூட்டியிருந்தது. மிச்சச் சோறு வைக்க அங்கே யாரும் இல்லை. காலையில் தின்ற மீன் துண்டு எப்போதோ செரித்துவிட்டது.

அதே சாயங்காலம், தூத்துக்குடிப் புது வீட்டின் சன்னலில் நாயும் பூனையும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, முதல் முறையாகக் கடலைப் பார்த்தார்கள்.

"எவ்வளவு தண்ணி! இதுல எத்தனை மீன் இருக்கும்!" என்றாள் பூந்தி. டைகர் மேல் சாய்ந்தபடியே, நிம்மதியாக உறங்கிப் போனாள்.

நம்மவர்கள் மேல் சந்தேகம் வந்தால் அதை அவர்களிடமே வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும். மூன்றாம் ஆளிடம் கேட்டால், அவர் தமக்கு வேண்டியதைத்தான் பதிலாகச் சொல்வார்.