குழி பார்க்கப் போன மன்னர்

மன்னர்கள் பல்லக்கில் போக, குடிமக்கள் குழியில் விழுந்துகொண்டிருந்த முன்னொரு காலத்தில், திடவர்மர் என்றொரு மன்னர் இருந்தார். ஒருநாள் அவருடைய அவைக்கு விகடகவி கொன்றையப்பன் நொண்டிக்கொண்டே வந்தான். என்ன ஆயிற்று என்று மன்னர் கேட்க, சாலை முழுக்கக் குழி என்றான்.

மன்னருக்கு ஆச்சரியம். மாதந்தோறும் நகர்வலம் போகிற அவர் ஒரு குழியைக்கூடக் கண்டதில்லை. சாலைகளுக்குப் பொறுப்பான அமைச்சர் பூவராகருக்கோ கொன்றையப்பனைக் கண்டாலே ஆகாது. நாட்டைப் பழித்தவனை நாடு கடத்த வேண்டும் என்றார்.

மன்னர் யோசித்தார். "கொன்றையப்பா, நாளை நான் போகும் சாலையில் ஒரு குழியைக் காட்டு. பல்லக்கைவிட்டு இறங்க மாட்டேன். காட்டாவிட்டால் நீ நாட்டைவிட்டுப் போக வேண்டியதுதான்."

மறுநாள் பல்லக்கு புறப்படும்போது, மன்னர் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்று கொன்றையப்பன் வேண்டினான்.

"மகாராஜா, போகும் சாலையைத்தானே காட்டச் சொன்னீர்கள்? முன்னால் இருப்பது வரும் சாலை. போகும் சாலை பின்னால்தான் இருக்கிறது."

மன்னர் சிரித்தபடி திரும்பி உட்கார்ந்தார். அமைச்சரின் முகம் வெளுத்தது.

பல்லக்கு வழவழப்பான சாலையில் கொஞ்ச தூரம் போனது. உடனே வாழைத்தோப்புக்குள்ளிருந்து நான்கு பேர் மண்வெட்டியோடு ஓடிவந்தார்கள். மன்னர் கடந்துவந்த இடத்தைத் தோண்டி, மண்ணை வண்டியில் அள்ளிப் போட்டார்கள். அவர் கண்ணெதிரே பெரிய குழி ஒன்று வாயைத் திறந்தது.

மன்னர் அவர்களைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"ஊருக்கே ஒரு வண்டி மண்ணுதாங்க சாமி," என்றான் வண்டிக்காரன். "நீங்க வர்றதுக்கு முன்னாடி குழிய ரொப்புவோம். நீங்க தாண்டுனதும் அள்ளிட்டுப் போயி அடுத்த குழிய ரொப்புவோம்."

சாலைக்கென்று கொடுத்த மற்ற மண்ணெல்லாம் எங்கே என்று கேட்டார் மன்னர்.

"அமைச்சரய்யா தோட்டத்துல குன்றா நிக்குதுங்க. சாயங்காலம் அதுமேல உக்காந்து காத்து வாங்குவாருங்க."

பல்லக்கைத் திருப்பச் சொன்னார் மன்னர். திருப்பிய வேகத்தில் முன்னால் சுமந்தவர்கள் குழிக்குள் கால்விட, பல்லக்கு சாய்ந்து மன்னர் குழிக்குள் உருண்டார்.

குழிக்குள்ளிருந்து சிரிப்பு கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் மன்னர். அமைச்சர் தம் குன்றைத் தாமே கூடை கூடையாகச் சுமந்து ஊர்க்குழிகளை நிரப்ப வேண்டும் என்று அங்கிருந்தே உத்தரவிட்டார். பிறகு முத்துமாலையைக் கழற்றிக் கொன்றையப்பனிடம் நீட்டினார்.

"இத்தனை வருஷம் ஆண்ட நாட்டை இன்றைக்குத்தானப்பா தொட்டுப் பார்க்கிறேன்."