ஏரிக்குள்ள ஒரு சிவப்புப் புள்ளி

போர்வைய இழுக்காம படு. ம் கொட்டிட்டே வரணும், நீ நிறுத்தினா கதையும் நின்னுடும்.

ஒரு வானத்துல ஒரு சாட்டிலைட் இருந்துச்சாம். தினம் மத்தியானம் ஒன்றரைக்கு விர்ர்ர்ருனு நம்ம தலைக்கு மேல போகும். அது அனுப்புற படத்துல தண்ணி நீலம், எங்கயாச்சும் வைக்கோலோ காடோ எரிஞ்சா சிவப்புப் புள்ளி. டவுன் ஆபீஸ்ல உக்காந்து அந்தப் புள்ளியப் பாக்குறவ பேரு பூங்கோதை. அவ அம்மா வெள்ளையம்மா, கொக்கநேரி ஏரியில பாய்க்குக் கோரை அறுக்குறவ. ம்?

ஒருநாள் பார்த்தா, கொக்கநேரி நீலத்துக்கு நடுவுல பளிச்சுனு ஒரு சிவப்பு! பூங்கோதை நாற்காலிய விட்டு எழுந்துட்டா. அந்த நீலம் மழைக்காலத்துல ஏரி ரொம்பினப்போ போட்ட எல்லை, மாத்தாம அப்படியே கிடக்கு. கோடையில ஏரி பாதி வத்தி, கோரை சருகாக் கிடக்கும். அதுக்குள்ளதான் அம்மா நிக்கிறா.

அப்போ அதிகாரிகிட்ட ஓடினா. அவரு, "தண்ணியில தீப் பிடிக்குமாம்மா? மெஷின் கோளாறு, அழிச்சிடு"ன்னுட்டாரு. அப்புறம் தீயணைப்புக்குப் போன் போட்டா. ஏரியிலயே தீயா, எந்தத் தெருன்னு கேக்குறாங்க! அப்புறம் அம்மாவுக்கே போட்டா. ட்ரிங் ட்ரிங்னு கரையில சோத்துப் பைக்குள்ள கிடந்து கத்துது போன். இடுப்புல சொருகிக்கோன்னா கேட்டாத்தானே அந்தப் பொம்பள!

தூங்கிட்டியா? ம், சரி.

அப்போதான் கரையோர அம்மன் கோயில் பூசாரி ஞாபகம் வந்துச்சு. அவருக்குப் போன் போட்டா. இவ சொன்னத அவரு கேட்டாரு, மறுபேச்சே இல்ல. மைக்கைப் போட்டாரு. கொர்ர்ர்... "வெள்ளையம்மா, உன் மக மேலேருந்து பார்த்துட்டா. கோரைக்குள்ள தீ. எல்லாரும் கரைக்கு வாங்க."

பின்னாலயே சடசடசடனு எரிஞ்சு வருது. விழுந்தடிச்சு ஓடி, வெள்ளையம்மாவும் கூட அறுத்தவங்களுமா ஏழு பேரும் கரையேறிட்டாங்க. அறுத்த கட்டு போச்சு, அருவாளும் போச்சு, போனா போகுது.

அப்புறம் அம்மா போன் பண்ணினா. பூங்கோதை ஆபீஸ்னு கூடப் பாக்காம ஓன்னு அழுதுட்டா.

"மேலேருந்து என்னையப் பார்த்தியாடி?"

"பார்த்தேம்மா."

அந்தச் சாட்டிலைட்டுக்கு நெருப்பு தெரியும், தண்ணி தெரியும், மனுஷங்க தெரியமாட்டாங்க. பூங்கோதை அத மட்டும் சொல்லவே இல்ல.

போன் இன்னைக்கும் சோத்துப் பைக்குள்ளதான். ஆனா ஒன்றரை மணி ஆனா வெள்ளையம்மா கரைமேல ஏறி நின்னு, அண்ணாந்து கையாட்டி, "சாப்பிட்டுட்டேன்டி"னு சொல்லிட்டுத்தான் கோரைக்குள்ள இறங்குவா.

அவ்வளவுதான் கதை. மேல அது முழிச்சிட்டிருக்கு, நீ கண்ண மூடு.